ப்ராமிஸ் படுத்தும் பாடு: அறிகுறி வாரியாகப் பிழை தேடும் முறை

ஆபீஸில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் ஜாவாஸ்கிரிப்டில் மாட்டிக்கொண்டால் எனக்குத்தான் ஃபோன் வரும். "அண்ணா, கோட் எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனா டேட்டா வரல" என்றுதான் பேச்சு தொடங்கும். ஃபோனில் திரையைக் காட்ட முடியாது, அதனால் வாயாலேயே சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. அதையே இங்கே எழுதுகிறேன், கோட் துண்டு ஒன்றுகூட இருக்காது. ப்ராமிஸ் என்றால் என்ன, ஈவண்ட் லூப் எப்படிச் சுற்றுகிறது என்ற பாடமும் கிடையாது; ப்ராமிஸ் என்பது பதில் பிறகு வரும் என்று கையில் தரும் டோக்கன், அவெய்ட் என்பது அந்தப் பதில் வரும்வரை காத்திருக்கச் சொல்வது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் திரையில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், பொழுதைத் தின்னும் காரணம் கடைசியில்.

ஒன்றை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். கால்பேக்குக்குள் (வேலை முடிந்ததும் அழைக்கச் சொல்லிக் கொடுக்கும் ஃபங்ஷன்) கால்பேக், அதற்குள் இன்னொன்று என்று வலது பக்கமாக நகர்ந்துகொண்டே போன கோடை 2015-ல் மொழிக்குள் வந்த ப்ராமிஸும் 2017-ல் வந்த அசிங்க் அவெய்ட்டும் பாதியாகச் சுருக்கின, உண்மைதான். ஆனால் சுருங்கிய கோடில் ஒரு சொல் விடுபட்டால் கண்ணில் படாது. எனக்கு வரும் ஃபோன்களில் பெரும்பாலானவை ஒரு அவெய்ட்டோ ஒரு ரிட்டர்னோ விடுபட்ட கதைதான். எனவே அறிகுறி எதுவானாலும் முதல் வேலை இது: ப்ராமிஸ் தரும் ஒவ்வொரு அழைப்பையும் விரலால் தொட்டு, "இதை யார் கையில் வாங்குகிறார்கள்?" என்று கேளுங்கள். வாங்க ஆள் இல்லாத அழைப்பு இருந்தால் அங்கேதான் ஓட்டை.

## திரையில் "ஆப்ஜெக்ட் ப்ராமிஸ்" என்று எழுதி வருகிறது

வாடிக்கையாளர் பெயர் வரவேண்டிய இடத்தில் சதுர அடைப்புக்குள் ஆப்ஜெக்ட் ப்ராமிஸ். கன்சோலில் போட்டுப் பார்த்தால் "ப்ராமிஸ் பெண்டிங்". இருப்பதிலேயே எளிய நோய் இதுதான், ஓட்டலில் டோக்கனை வாங்கிவந்து இலையில் அதையே பிசைந்து சாப்பிடப் பார்த்த கதை.

அழைப்புக்கு முன்னால் அவெய்ட் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் போடுங்கள். போட்டதும் அவெய்ட் அசிங்க் ஃபங்ஷனுக்குள்தான் செல்லும் என்று பிரவுசர் திட்டினால், அதைச் சுற்றியிருக்கும் ஃபங்ஷனின் தலையில் அசிங்க் என்று சேருங்கள். அப்புறம்தான் எல்லோரும் மறக்கிற இடம் வருகிறது. அசிங்க் போட்ட அந்தக் கணத்திலிருந்து அந்த ஃபங்ஷனும் ப்ராமிஸைத்தான் தரும், அதனால் அதை அழைக்கிற இடத்திலும் அவெய்ட் வேண்டும், அதை அழைப்பவரை அழைக்கிற இடத்திலும் வேண்டும், இப்படியே பட்டன் கிளிக் வரை ஏறிப்போக வேண்டும். பாதியில் நிறுத்தினால் நோய் ஒரு படி மேலே நகரும், அவ்வளவுதான்.

அவெய்ட் இருந்தும் அப்படியே வருகிறதா? சர்வரிடம் டேட்டா கேட்கும் ஃபெட்ச் என்றால் இரண்டு அவெய்ட் வேண்டும். ஒன்று பதில் வருவதற்கு, இன்னொன்று அந்தப் பதிலில் இருக்கும் ஜேசனை (டேட்டாவை எழுதி அனுப்பும் ஒரு வடிவம்) படித்து எடுப்பதற்கு. இரண்டாவதைத்தான் விட்டிருப்பீர்கள்.

### யார் வந்தாலும் உள்ளே விடுகிறது

இது அதே நோயின் கள்ளத்தனமான வடிவம். லாகின் ஆகியிருக்கிறாரா என்று பார்க்கும் ஃபங்ஷன் அசிங்க். அதை இஃப்-க்குள் அவெய்ட் இல்லாமல் போட்டிருக்கிறார்கள். ப்ராமிஸ் ஒரு ஆப்ஜெக்ட், இஃப்-க்கு எந்த ஆப்ஜெக்டும் உண்மைதான், ஆகவே உள்ளே "இல்லை" என்ற பதில் இருந்தாலும் கதவு திறக்கும். கன்சோலில் ஒரு எழுத்துகூடச் சிவப்பாக வராது. சோதிப்பது எளிது: லாகின் செய்யாமல் ஒரு முறை அந்தப் பக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். ஃபில்டருக்குள் அசிங்க் ஃபங்ஷன் கொடுத்தால் ஒன்றையும் வடிகட்டாமல் முழுப் பட்டியலும் திரும்பி வருவதற்கும் இதுவே காரணம்.

இந்த ஓட்டை ஏற்கெனவே லைவ் தளத்தில் இருந்திருந்தால் சத்தமில்லாமல் திருத்திவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். சீனியரிடம் சொல்லுங்கள். இடைப்பட்ட நாளில் யார் உள்ளே வந்துபோனார்கள் என்று லாகைத் துழாவ வேண்டியிருக்கும்.

## பிழை எதுவும் இல்லை, ஆனால் மதிப்பு அன்டிஃபைன்ட்

டாட் தென் சங்கிலி எழுதுகிறவர்களுக்கு வரும் தொல்லை. முதல் தென்-க்குள் டேட்டா இருக்கிறது, இரண்டாவது தென்-க்குள் காணாமல் போகிறது.

ஏரோ ஃபங்ஷனில் சுருள் அடைப்பு இருக்கிறதா பாருங்கள். சுருள் அடைப்பு இல்லாமல் ஒரே வரியில் எழுதியபோது ரிட்டர்ன் தானாக நடந்தது. நடுவில் ஒரு கன்சோல் லாக் போட்டுப் பார்க்கலாம் என்று அடைப்பைத் திறந்தீர்கள், ரிட்டர்ன் போய்விட்டது. பிழையைத் தேடப் போட்ட வரியே பிழையைக் கொண்டுவந்திருக்கிறது, இதை எத்தனை தடவை பார்த்துவிட்டேன்.

ரிட்டர்ன் இருக்கிறது என்றால் அடுத்தது: தென்-க்குள் ஃபங்ஷனின் பெயரை மட்டும் கொடுத்தீர்களா, பின்னால் வளைவு அடைப்பும் சேர்த்துக் கொடுத்தீர்களா? அடைப்போடு கொடுத்தால் அந்த ஃபங்ஷன் அப்போதே ஓடி முடிந்துவிடும், தென்-க்குப் போய்ச் சேருவது அது தந்த மிச்சம்தான். தென்-க்கு ஃபங்ஷன் அல்லாத ஒன்றைக் கொடுத்தால் அது குறைசொல்லவும் சொல்லாது, பேசாமல் தாண்டிப் போய்விடும்.

தென்-க்குள் தென், அதற்குள் தென் என்று நாலு அடுக்கு போயிருந்தால் தேடிக்கொண்டிருக்காதீர்கள். அசிங்க் அவெய்ட்டாக மாற்றி எழுதுவதே சீக்கிரம் முடியும், எழுதும்போதே விடுபட்ட ரிட்டர்னும் தானாக அகப்பட்டுவிடும்.

## "முடிந்தது" என்கிறது, வேலையோ முடியவில்லை

ஒரு கடைக்குச் சரக்குப் பட்டியல் ஏற்றும் பக்கம் செய்துகொடுத்திருந்தோம். எக்செல்லில் இருக்கும் 300 வரிகளைப் படித்து ஒவ்வொன்றாக டேட்டாபேஸில் போட வேண்டும். கடைக்காரர் ஃபைலை ஏற்றினார், கண்ணிமைக்கும் நேரத்தில் பச்சை நிறத்தில் "எல்லாம் ஏறிவிட்டது" என்று வந்தது, அவருக்கு ஒரே சந்தோஷம். சாயங்காலம் ஃபோன்: "தம்பி, உளுந்து வரைக்கும்தான் இருக்கு, அதுக்கப்புறம் ஒன்னுமே இல்ல." போய்ப் பார்த்தால் 11 வரிதான் ஏறியிருந்தது. 12-ஆவதாக இருந்தது துவரம்பருப்பு.

காரணம், பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபங்ஷனை ஓட்டும் ஃபார்ஈச். உள்ளே அசிங்க், அவெய்ட் எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஆனால் ஃபார்ஈச் தன் கையில் தரப்படும் ப்ராமிஸைத் திரும்பிக்கூடப் பார்க்காது. 300 பேரையும் கிளப்பிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். அடுத்த வரியில் டேட்டாபேஸ் இணைப்பை மூடும் கட்டளை இருந்தது. கிளம்பியவர்களில் 11 பேர்தான் கதவு சாத்துவதற்குள் உள்ளே நுழைந்தார்கள்.

சோதனை: லூப்புக்கு உள்ளே ஒரு லாக், லூப்புக்கு அடுத்த வரியில் ஒரு லாக். வெளியே இருப்பது முதலில் அச்சானால் நோய் இதுதான்.

ஒன்றன்பின் ஒன்றாகப் போனால் போதும் என்றால் ஃபார்ஈச்சை எடுத்துவிட்டு ஃபார் ஆஃப் லூப் போடுங்கள், உள்ளே இருக்கும் அவெய்ட் அப்படியே வேலை செய்யும். எல்லாம் ஒரே நேரத்தில் போகலாம் என்றால் மேப் போட்டு, கிடைக்கும் ப்ராமிஸ் பட்டியலை ப்ராமிஸ் டாட் ஆல்-இடம் கொடுத்து, அதற்கு முன்னால் அவெய்ட் போடுங்கள். இதில் மேப் போட்டுவிட்டு ஆல்-ஐ மறப்பவர்கள் தனி ரகம்.

லூப்பே இல்லை, அப்படியும் முன்கூட்டியே முடிகிறது என்றால் நடுவில் எங்காவது செட் டைம்அவுட்டோ பழைய கால்பேக் பாணி லைப்ரரியோ இருக்கும். அவை ப்ராமிஸ் தருவதில்லை, முன்னால் அவெய்ட் போட்டாலும் காத்திருக்காது. நோடில் (பிரவுசருக்கு வெளியே, சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் மென்பொருள்) என்றால் பதிப்பு 8 முதல் யுடில் டாட் ப்ராமிஸிஃபை இருக்கிறது, அதில் சுற்றி எடுக்கலாம். ஃபைல் படிப்பது, எழுதுவது போன்றவற்றுக்கு ப்ராமிஸ் தரும் வடிவமே தனியாக வந்துவிட்டது.

## கேட்ச் போட்டும் பிழை கையில் சிக்கவில்லை

இங்கே நாலு கிளை. பிரவுசரின் டெவ்டூல்ஸில் கன்சோலையும் நெட்வொர்க் டேபையும் திறந்துவைத்துக்கொண்டு உங்களுடையது எது என்று பாருங்கள்.

### கன்சோலில் சிவப்பாக "அன்காட் இன் ப்ராமிஸ்"

ட்ரை-க்குள் இருக்கும் அழைப்புக்கு அவெய்ட் இல்லை. ட்ரை தன் வேலையை முடித்துக்கொண்டு போன பிறகு பிழை வந்து சேர்கிறது, பிடிக்க ஆள் இல்லை. இதிலேயே நுணுக்கமான ஒன்று: ட்ரை-க்குள் "ரிட்டர்ன்" என்று எழுதி நேரடியாக அழைப்பைப் போட்டிருந்தால், அதில் வரும் பிழை உங்கள் கேட்ச்சுக்கு வராது, உங்களை அழைத்தவரிடம் போய்விடும். அந்த இடத்தில் மட்டும் ரிட்டர்ன் அவெய்ட் என்று இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். "ரிட்டர்ன் அவெய்ட் தேவையில்லை" என்று யாராவது சொல்வார்கள், ட்ரை-க்கு வெளியே அவர்கள் சொல்வது சரி, உள்ளே தேவை.

### கன்சோல் அமைதி, டேட்டா மட்டும் காலி

முதலில், யாராவது வெறும் கேட்ச் போட்டு உள்ளே ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறார்களா என்று ப்ராஜெக்ட் முழுக்கத் தேடுங்கள். பிழையைப் பிடித்து வாயைப் பொத்தி உட்கார வைக்கும் வேலை இது. நான் பார்த்தவரை அவசரமாக டெமோ காட்டிய நாட்களின் மிச்சம்தான் இப்படிக் கிடக்கும்.

அப்புறம் ஃபெட்ச். சர்வர் 404 தந்தாலும் 500 தந்தாலும் ஃபெட்ச் அதைத் தோல்வியாக நினைப்பதில்லை. பதில் வந்ததா, வந்தது, அவ்வளவுதான் அதற்குக் கணக்கு. நெட் அறுந்தது போன்ற நேரத்தில்தான் ரிஜெக்ட் ஆகும், அதாவது தோல்வி என்று சொல்லும். எனவே பதில் வந்ததும் அதன் ஓகே என்ற பண்பைப் பாருங்கள், 200 முதல் 299 வரைதான் அது உண்மையாக இருக்கும். பொய் என்றால் நீங்களே ஒரு எரரை எறியுங்கள். ஆக்சியோஸ் என்ற லைப்ரரியிலிருந்து ஃபெட்ச்சுக்கு மாறியவர்கள் இதில் கட்டாயம் ஒரு முறை விழுவார்கள், ஏனென்றால் ஆக்சியோஸ் தானாகவே எறிந்துவிடும்.

இதன் சித்தப்பா பிள்ளைதான் "அன்எக்ஸ்பெக்டட் டோக்கன்" என்று சொல்லி ஒரு லெஸ் தேன் குறியைக் காட்டும் ஜேசன் பிழை. ஜேசன் வரும் என்று காத்திருந்த இடத்தில் சர்வர் ஒரு எச்டிஎம்எல் பக்கத்தை அனுப்பியிருக்கிறது, முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டது. நெட்வொர்க் டேபில் ரெஸ்பான்ஸைத் திறந்து படியுங்கள். "பக்கம் கிடைக்கவில்லை" என்று இருந்தால் யூஆர்எல் தவறு. லாகின் பக்கம் இருந்தால் செஷன் போய்விட்டது. சர்வரின் பிழைப்பக்கம் இருந்தால் உங்கள் கோடை விட்டுவிடுங்கள், பேக்எண்ட் ஆளைக் கூப்பிடும் நேரம் அது.

### "ஃபெயில்டு டு ஃபெட்ச்"

நெட் இருக்கிறதா, யூஆர்எல்லில் எழுத்துப்பிழை உண்டா என்று பார்த்த பிறகும் வந்தால், பெரும்பாலும் கார்ஸ், அதாவது வேறு தளத்தின் சர்வரிடம் டேட்டா கேட்பதற்குப் பிரவுசர் வைக்கும் கட்டுப்பாடு. கன்சோலில் அந்த வரிக்குப் பக்கத்திலேயே கார்ஸ் என்ற சொல் இருக்கும். இதைப் பிரவுசர் பக்கத்திலிருந்து திருத்த முடியாது, சர்வர்தான் அனுமதி ஹெடரை அனுப்ப வேண்டும். நோ கார்ஸ் என்ற மோடைப் போட்டால் சிவப்பு மறையும், ஆனால் வரும் பதிலின் உள்ளே உங்களால் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. பேக்எண்ட் ஆளுக்கு ஃபோன்.

### நோட் சர்வர் திடீரென்று நின்றுபோகிறது

பழைய நோடில் வாங்க ஆளில்லாத ரிஜெக்ட் ஒரு எச்சரிக்கையோடு போய்விடும். 2020-ல் வந்த பதிப்பு 15 முதல் அது ப்ராசஸையே நிறுத்துகிறது. "நோடை அப்டேட் பண்ணினதும் சர்வர் அடிக்கடி சாகுது" என்றால் நோடின் மேல் குற்றமில்லை, முன்பே இருந்த ஓட்டை இப்போது தெரிகிறது. நோடில் சர்வர் எழுத உதவும் எக்ஸ்பிரஸ் 4-ல் ரூட் ஹாண்ட்லரை அசிங்க்காக எழுதினால் அதில் வரும் பிழையை எக்ஸ்பிரஸ் தானாகப் பிடிக்காது, ட்ரை போட்டு நெக்ஸ்ட்டிடம் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். எக்ஸ்பிரஸ் 5 தானே பிடித்துக்கொள்ளும். டைப்ஸ்கிரிப்ட் ப்ராஜெக்ட் என்றால் கோடைச் சரிபார்க்கும் ஈஎஸ்லின்ட்டில் நோ ஃப்ளோட்டிங் ப்ராமிஸஸ் என்ற விதியை இயக்கிவிடுங்கள். விரலால் தொட்டுக் கேட்கும் அந்த வேலையை அது உங்களுக்காகச் செய்யும், முதல் நாள் நூறு இடத்தில் கத்தும், பயப்படாதீர்கள்.

## சுற்றிக்கொண்டே இருக்கிறது, முடிவதே இல்லை

நெட்வொர்க் டேபைத் திறங்கள். அந்த ரிக்வெஸ்ட் பதில் வந்து முடிந்துவிட்டதா, அதுவும் பெண்டிங்கில் தொங்குகிறதா? இந்த ஒரு கேள்வியில் வழி இரண்டாகப் பிரிகிறது.

### பதில் வந்துவிட்டது, திரை மட்டும் சுற்றுகிறது

லோடிங் சின்னத்தை நிறுத்தும் வரி வெற்றிப் பாதையில் மட்டும் இருக்கிறதா பாருங்கள். நடுவில் பிழை வந்தால் அந்த வரிக்கே போகாது. அதை ஃபைனலிக்கு மாற்றுங்கள்.

அதுவும் சரி என்றால் "நியூ ப்ராமிஸ்" என்று யாராவது கையால் கட்டியிருக்கிறார்களா என்று தேடுங்கள். உள்ளே இருக்கும் எல்லா இஃப், எல்ஸ் பாதைகளும் ரிசால்வ் (வெற்றி) அல்லது ரிஜெக்டில் போய் முடிகின்றனவா என்று ஒவ்வொன்றாக நடந்து பாருங்கள். "பட்டியல் காலியா இருந்தா ரிட்டர்ன்" என்று ஒரு வரி, ரிசால்வை அழைக்காமல், எங்காவது உட்கார்ந்திருக்கும். இன்னொன்று, நியூ ப்ராமிஸுக்குக் கொடுக்கும் ஃபங்ஷனுக்கு அசிங்க் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். அதற்குள் எறியப்படும் பிழை வெளியே இருக்கும் ப்ராமிஸுக்குத் தெரியவே தெரியாது, அது காலமெல்லாம் பெண்டிங்தான். உள்ளே ஓடும் டைமரிலோ கால்பேக்கிலோ எறிந்தாலும் இதே கதி. ஏற்கெனவே ப்ராமிஸ் தரும் ஒன்றை மறுபடி நியூ ப்ராமிஸில் சுற்றியிருந்தால் அந்த உறையையே கிழித்துப் போடுங்கள்.

### ரிக்வெஸ்ட்டே தொங்குகிறது

நாம் சொல்லாவிட்டால் ஃபெட்ச் சீக்கிரத்தில் கைவிடாது. அபார்ட் சிக்னலின் டைம்அவுட்டை 10 விநாடி என்று வைத்து, அது கடந்தால் பயனருக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். அப்புறம் அதே யூஆர்எல்லை போஸ்ட்மேன் என்ற சோதனைக் கருவியிலோ தனி டேபிலோ போட்டுப் பாருங்கள். அங்கேயும் தொங்கினால் நோய் சர்வரில். காலையில் நன்றாக இருந்து, கூட்டம் ஏற ஏறத் தொங்கி, ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது என்றால் டேட்டாபேஸ் இணைப்புகளை எடுத்தவர்கள் திருப்பித் தரவில்லை என்றுதான் நான் முதலில் சந்தேகப்படுவேன். அது உங்கள் ஃபைலில் இல்லை, டேட்டாபேஸ் பார்ப்பவரை அழைத்து எந்த நேரம் தொடங்கி எந்த நேரம் ரீஸ்டார்ட் செய்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

## வேலை செய்கிறது, ஆனால் ஆமை வேகம்

நெட்வொர்க் டேபில் வலது ஓரம் வாட்டர்ஃபால் என்று பட்டைகள் இருக்கும். அவை படிக்கட்டு போல, ஒன்று முடிந்த இடத்தில் அடுத்தது தொடங்கினால், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வேலைகளை வரிசையில் நிற்கவைத்திருக்கிறீர்கள். தலா 2 விநாடி ஆகும் 3 அழைப்பு, மூன்று அவெய்ட், மொத்தம் 6 விநாடி. ப்ராமிஸ் டாட் ஆல்-இல் போட்டால் 2 விநாடிக்குப் பக்கத்தில் வந்துவிடும். முந்தையதன் பதில் அடுத்ததற்கு வேண்டும் என்றால் மட்டும் படிக்கட்டு நியாயம்.

ஆல்-இல் ஒன்று தோற்றால் மொத்தமும் தோல்வி, ஆனால் கிளம்பிப் போன மற்றவை நிற்காமல் ஓடிக்கொண்டுதான் இருக்கும், அதை மறக்கவேண்டாம். ஒன்று போனாலும் மிச்சத்தைக் காட்டலாம் என்றால் 2020-ல் வந்த ஆல் செட்டில்ட் இருக்கிறது.

ஆல்-இன் ருசி கண்டவர்கள் அடுத்த மாதம் 500 ரிக்வெஸ்ட்டை ஒரே அடியில் அனுப்பிவிட்டு 429 வருகிறது என்பார்கள். சர்வர் "மெதுவா வாங்கப்பா" என்று சொல்லும் எண் அது. பத்துப் பத்தாகப் பிரித்து அனுப்புங்கள். எச்டிடிபி 1.1-ல் குரோம் ஒரே சர்வருக்கு ஒரு நேரத்தில் 6 இணைப்புக்கு மேல் திறக்காது, அதனால் அங்கே 500-ஐக் கொட்டினாலும் மிச்சம் வாசலில்தான் நிற்கும். உண்மையில் 500 அழைப்பு தேவைப்படுகிறது என்றால் ஒரே அழைப்பில் மொத்தமும் தரும்படி பேக்எண்டில் கேளுங்கள், ப்ராமிஸில் வித்தை காட்டி அதை ஈடுகட்ட முடியாது.

## தேடியது ஒன்று, வந்தது ஒன்று, அதுவும் எப்போதாவதுதான்

தேடல் பெட்டியில் "திருவாரூர்" என்று அடிக்கிறார்கள், கீழே திருச்சி, திருப்பூர், திருத்தணி எல்லாம் வந்து நிற்கிறது. "திரு" என்று அடித்தபோது போன ரிக்வெஸ்ட்டின் பதில் பெரியது, மெதுவாக வந்தது, வந்து புதிய பதிலின் மேல் உட்கார்ந்துவிட்டது. உங்கள் கம்ப்யூட்டரில் ஒருபோதும் வராது, நெட் மெதுவான பயனருக்கு மட்டும் வரும். டெவ்டூல்ஸில் த்ராட்லிங்கைப் போட்டு வேகத்தைக் குறைத்து, வேகமாக அடித்து அழித்து அடித்துப் பாருங்கள், வரும்.

கை நின்று 300 மில்லிவிநாடி கழித்து மட்டும் அனுப்புவது பாதித் தீர்வு, அப்போதும் எப்போதாவது முந்திக்கொள்ளும். முழுத் தீர்வு, புதியது கிளம்பும் முன் பழையதை அபார்ட் கன்ட்ரோலரால் ரத்து செய்வது. ரத்தானது கேட்ச்சுக்குள் அபார்ட் எரராக வரும், அதைப் பயனருக்குக் காட்டாமல் தள்ளிவிடுங்கள்.

## ஒரே ஆர்டர் இரண்டு முறை விழுகிறது

பட்டனை இரண்டு முறை தட்டியிருக்கிறார்கள். கிளிக் ஃபங்ஷனின் முதல் வரியில், எந்த அவெய்ட்டுக்கும் முன்னால், பட்டனை முடக்குங்கள், ஃபைனலியில் திறங்கள். அவெய்ட்டுக்குப் பிறகு முடக்கினால் அந்த இடைவெளியில் இரண்டாவது தட்டு விழுந்துவிடும்.

அப்படியும் விழுகிறது என்றால் தோற்றால் மறுபடி அனுப்பும் ரீட்ரை எங்காவது இருக்கும். டைம்அவுட் ஆனது என்றால் நாம் காத்திருப்பதை நிறுத்திக்கொண்டோம் என்றுதான் பொருள். சர்வர் அந்த ஆர்டரைப் போட்டு முடித்திருக்கலாம், நாம் மறுபடி அனுப்புகிறோம், இரண்டாகிறது. பட்டியலைப் படிக்கும் அழைப்புக்கு ரீட்ரை வைத்துக்கொள்ளுங்கள். பணம், ஆர்டர் போன்றவற்றுக்கு, ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு தனி எண்ணை அனுப்பி, அதே எண் மறுபடி வந்தால் சர்வர் புதிதாகப் போடாமல் பழைய பதிலையே தரும் ஏற்பாடு இல்லாமல் ரீட்ரை வைக்கவே கூடாது.

யாருடைய பணமாவது ஏற்கெனவே இரண்டு முறை போயிருந்தால் எடிட்டரை மூடிவையுங்கள். இரண்டு பரிவர்த்தனை எண்களையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு முதலில் கணக்குப் பிரிவுக்கும், பிறகு பேமெண்ட் கேட்வே சப்போர்ட்டுக்கும் சொல்லுங்கள். லாகை யாரும் அழிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவர்கள் முதலில் கேட்கப்போவது அதைத்தான். பட்டனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.